பொழுதுபோக்காகப் பியானோவா?

நேற்றைய கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரைப் பற்றிப் பேச வந்தவர், "ஹார்வர்டு பேராசிரியர், பொழுதுபோக்காகப் பியானோவும் வாசிப்பார்" என்றார். அரங்கமே கைதட்டியது.

பொழுதுபோக்காம்! முதல் ஆல்பம் வந்தது 1995-இல். 'மேதைகளுக்கான பரிசு' என்று சொல்லப்படும் மெக்ஆர்தர் உதவித்தொகை 2013-இல். ஹார்வர்டு வேலை 2014-இல். கிட்டத்தட்ட இருபது வருடம் மேடை மேடையாக வாசித்த பிறகுதான் அந்தப் பேராசிரியர் நாற்காலி. வாசித்ததால் கிடைத்த நாற்காலி அது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார், உண்மை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு, 1998-இல் இசையில் தாளத்தை உடம்பு எப்படி உணர்கிறது என்று ஆய்வேடு எழுதினார். நம் ஆட்கள் கதையை இயற்பியலோடு நிறுத்திவிடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்ல அதுதானே வசதி!

"பெருமையாகத்தானே சொன்னார், இதில் என்ன கோபம்?" என்பீர்கள். எதற்குப் பெருமை? கைதட்டியவர்களில் எத்தனை பேர் 2009-இல் வந்த அவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்தைக் கேட்டிருப்பார்கள்? அதில் பிரிட்டிஷ் ராப் பாடகி எம்.ஐ.ஏ.வின் பாட்டு ஒன்றைப் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு நொறுக்குகிறார்கள். அவரும் தமிழ்ப்பெண்தான், பெருமைப்பட இன்னொரு காரணம், எடுத்துக்கொள்ளுங்கள்.

"வாசித்துப் பிழைக்க முடியாதவர்கள்தான் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்" என்றும் ஒருவர் தேநீர் நேரத்தில் சொன்னார். காசு விஷயத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜாஸ் பியானோ கலைஞர் கென்னி பாரன் 1973 முதல் 2000 வரை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அந்த வருடங்களுக்கு நடுவில், 1991 மார்ச்சில், கோபன்ஹேகனில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் வாசித்தார். கெட்ஸுக்குப் புற்றுநோய், மூன்றே மாதத்தில் இறந்துவிட்டார். மூச்சு வாங்கும் அந்த சாக்ஸபோனை பாரனின் இரண்டு கைகளும் தாங்கிப் பிடிப்பதைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

நானும் கற்றுக்கொடுப்பவன்தான். ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகக் கீபோர்டு ஆசிரியர். கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் சொல்வேன். "அது சரி, வேலை?" என்பார்கள். பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். போன ஆண்டு விழாவில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு இறங்கினேன். "சார், நாற்காலி அடுக்க ஆள் பற்றவில்லை" என்று என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே கணக்கு ஆசிரியர் நின்றார், அவரைக் கூப்பிடவில்லை. அடுக்கினேன். இரும்பு நாற்காலி மடங்கி ஆள்காட்டி விரல் நசுங்கியது. நகத்தில் ரத்தம் கட்டி, பத்து நாள் கீபோர்டைத் தொடவில்லை. யாரும் கேட்கவில்லை.

"உன்னை ஐயரோடு ஒப்பிடுகிறாயா?" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: இல்லை ஐயா, அவர் எங்கே, நான் எங்கே. அவர் வாசிப்பதே பொழுதுபோக்கு என்றால் நான் வாசிப்பதற்கு என்ன பெயர் என்றுதான் கேட்கிறேன்.

நேற்று முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் எங்கள் பள்ளித் தாளாளர்.