ஆசிரியரின் கைப்பேசியும் மாணவரின் உள்பெட்டியும்

மாணவர்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் அவர்களுடைய நட்பழைப்பை ஆசிரியர் தம் சொந்தச் சமூக ஊடகக் கணக்கில் ஏற்கக் கூடாது. மூன்றாவது ஒருவர் பார்க்க முடியாத இடத்தில் அவர்களோடு எழுத்தாலோ குரலாலோ பேசவும் கூடாது. இதுதான் என் நிலைப்பாடு. ஆசிரியப் பணியிலிருக்கும் நண்பர்கள் சிலருக்கு இது வருத்தம் தரும் என்று தெரியும். நேரம் காலம் பார்க்காமல் மாணவர்களுக்காக உழைக்கிறவர்களை ஐயத்தோடு பார்ப்பதா என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த உழைப்பின்மேல் எனக்குள்ள மதிப்பினால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வகுப்பறைப் பேச்சுக்கு இயல்பாகவே சில காவல்கள் இருந்தன. திறந்த கதவு, தாழ்வாரத்தில் நடந்துபோகிறவர்கள், பக்கத்து இருக்கையில் இருக்கும் மாணவர்கள், பாடவேளை முடிந்ததும் அடிக்கும் மணி. ஓர் ஆசிரியர் ஒரு மாணவியிடம் மட்டும் நாள்தோறும் தனியே பேசிக்கொண்டிருந்தால் சில நாட்களிலேயே பள்ளி முழுவதும் தெரிந்துவிடும். கைப்பேசியில் இந்தக் காவல்கள் எதுவும் கிடையாது. அதே ஆசிரியர் அதே மாணவிக்கு இரவு பதினொரு மணிக்கு எழுதிக்கொண்டிருந்தால், அடுத்த அறையில் உறங்கும் பெற்றோருக்குக்கூடத் தெரியாது. 2011இல் வந்த ஸ்னாப்சாட் செயலி, பார்த்ததும் அழிந்துபோகும் செய்திகளை இளையோரிடம் பழக்கமாக்கியது. 2020இல் வாட்ஸ்அப்பும் தானாக மறையும் செய்திகளுக்கு வழிசெய்தது. பேச்சு நடந்த தடயமே இல்லாமல் போகக்கூடிய இடத்தில், தவறு செய்கிறவருக்கு மறைவு கிடைக்கிறது. வீண்பழிக்கு ஆளாகும் நேர்மையான ஆசிரியருக்கோ தம்மைக் காத்துக்கொள்ளச் சான்று ஏதும் மிஞ்சுவதில்லை.

எல்லை மீறல் பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் வகுப்புக்கான வாட்ஸ்அப் குழு இருக்கும். அதில் கேட்கத் தயங்கும் மாணவர் தம் ஐயத்தைத் தனிச்செய்தியில் கேட்பார். ஆசிரியரும் பதில் சொல்வார். பிறகு ஆசிரியர் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்து மாணவர் ஒரு சொல் எழுதுவார், ஆசிரியரும் மாணவரின் படத்துக்கு ஒரு விருப்பக்குறி இடுவார். பாடத்தைப் பற்றிய பேச்சு வீட்டைப் பற்றியதாகும், வீட்டைப் பற்றியது மனத்தைப் பற்றியதாகும். இதுவரை யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அடுத்த படியில் ஆசிரியர் தம் சொந்தத் துயரங்களை அந்தப் பிள்ளையிடம் சொல்லத் தொடங்குகிறார். “உன்னைப் போல என்னைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை” என்கிறார். ஒருநாள் “இதை யாரிடமும் சொல்லாதே” என்கிறார். அந்தக் கடைசிச் சொற்கள் எந்தச் சூழலில் வந்தாலும், எவ்வளவு சிறிய செய்தியைப் பற்றி வந்தாலும், அங்கே ஆசிரியர் என்ற உறவு முடிந்துவிட்டது என்றே நான் கொள்கிறேன். திட்டமிட்டு வலைவிரிப்பவர் இந்தப் படிகளை அறிந்தே ஏறுகிறார். திட்டமே இல்லாத ஒருவரும், தம் தனிமையின் காரணமாகவோ மாணவர்களின் பாராட்டில் மயங்கியோ, இதே படிகளில் ஏறிவிட முடியும். ஆகவே ஆசிரியரின் உள்நோக்கத்தை மட்டும் நம்பி ஒரு பள்ளி நடக்க முடியாது.

“மாணவர்தானே முதலில் செய்தி அனுப்பினார்?” என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. எழக் கூடாத கேள்வி அது. மதிப்பெண் போடுகிறவரும், நற்சான்று எழுதுகிறவரும், வகுப்பில் ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடியவருமான ஒருவரின் செய்திக்குப் பதில் போடாமல் இருப்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எளிதன்று. நள்ளிரவில் வரும் செய்தி பிடிக்கவில்லை என்று சொல்லும் துணிவு பெரியவர்களுக்கே, தம் மேலதிகாரியிடம், வருவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாலுறவுக்கு இசைவு தரும் வயது 16. ஆனால் 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம், ஆசிரியரைப் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் தம் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குட்பட்டவருடன் அத்தகைய உறவு கொள்வதை, அவர் இசைந்திருந்தாலும், குற்றம் என்கிறது. 2022இல் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் சமயப் பொறுப்பாளர்களும் அந்த வரம்புக்குள் சேர்க்கப்பட்டார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க இந்தியா 2012இல் இயற்றிய போக்சோ சட்டம், பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதையே துன்புறுத்தலாகக் கருதுகிறது. கல்வி நிறுவனப் பணியாளர் அங்கு படிக்கும் குழந்தைமீது நிகழ்த்தும் பாலியல் தாக்குதலைக் கடுங்குற்றமாகத் தனியே வகைப்படுத்துகிறது. எல்லையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் ஆசிரியருடையது. அதில் ஒரு பங்கைக்கூட மாணவர்மேல் சுமத்த முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் தடைசெய்துவிடலாமா என்றால், அந்த வழி தேறவில்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011இல் ஒரு சட்டம் இயற்றியது. மாணவர்களோடும் முன்னாள் மாணவர்களோடும் மற்றவர் காண முடியாதபடி தொடர்புகொள்ள இடந்தரும் தளங்களை ஆசிரியர்கள் பயன்படுத்தக் கூடாது என்றது அதன் ஒரு பிரிவு. அது நடைமுறைக்கு வருமுன்பே ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் சென்றது. ஆசிரியராக இருக்கும் தாயோ தந்தையோ, தம் பள்ளியில் படிக்கும் சொந்தப் பிள்ளைக்கே செய்தி அனுப்ப முடியாதபடி அந்தப் பிரிவு பரந்து கிடப்பதை நீதிபதி சுட்டிக்காட்டித் தடைவிதித்தார். சில மாதங்களுக்குள் சட்டமன்றம் அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தன் விதிகளைத் தானே வகுக்கட்டும் என்று மாற்றியது. அடுத்த ஆண்டு நியூயார்க் நகரக் கல்வித் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் இதைவிடத் தெளிவானது: பாடத்துக்கான கணக்கு வேறு, சொந்தக் கணக்கு வேறு, மாணவர்கள் முதலாவதில் மட்டுமே இருக்கலாம். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. தொடர்பு இருக்கட்டும், அது பள்ளியின் கண்ணுக்குத் தெரியும் வழியில் இருக்கட்டும்.

ஆனால் அந்த வழியை அமைத்துத் தர வேண்டியது பள்ளி நிர்வாகம். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அப்போது எண்ணற்ற ஆசிரியர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய கைப்பேசியில், சொந்த எண்ணில், வகுப்பு நடத்தினார்கள். பள்ளிகள் திறந்தன, அந்த எண்கள் மாணவர்களிடமே தங்கிவிட்டன. ஆசிரியருக்குப் பள்ளி மின்னஞ்சலும் இல்லை, பள்ளிக்கென்று செயலியும் இல்லை, ஆனால் இரவில் பதில் போடாவிட்டால் பெற்றோர் கோபிப்பார்கள் என்ற நிலையில் அவரை வைத்துவிட்டு, எல்லை மீறினார் என்று பிறகு அவரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. தனி எண், குழுவில் இன்னொரு ஆசிரியர், பதில் சொல்வதற்கென்று குறித்த நேரம் ஆகிய இம்மூன்றுக்கும் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கடினமான இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. இரவில் ஒரு பிள்ளை, “வாழவே பிடிக்கவில்லை” என்று ஆசிரியருக்கு எழுதுகிறது. அப்போது விதியைக் காட்டி மௌனமாக இருக்கச் சொல்லும் எந்த எல்லையும் எல்லையாகாது. உடனே பதில் எழுத வேண்டும். தனியாக இருக்கிறாயா, அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை இதை இரகசியமாக வைக்கச் சொன்னாலும் அதற்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்த இரவே பெற்றோரையும் தலைமையாசிரியரையும் அழைக்க வேண்டும். வீட்டிலிருந்தே ஆபத்து வருவதாகத் தோன்றினால் பெற்றோருக்குப் பதிலாகக் குழந்தைகள் உதவி எண்ணையோ காவல் துறையையோ. அடுத்த நாள் அந்தப் பேச்சு முழுவதையும் அழிக்காமல் ஆலோசகரிடம் ஒப்படைக்க வேண்டும். தனி ஒருவராக மீட்பராக நின்றுவிடும் ஆசிரியரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் உயிர் ஒரே ஒருவரின் கைப்பேசி அணையாமல் இருப்பதைப் பொறுத்து நிற்கக் கூடாது.

மாணவர்களை வைத்து ஆசிரியர்கள் எடுத்து வெளியிடும் ரீல்ஸ் பற்றியும் ஒரு சொல். தவறான விடையைச் சொல்லி விழிக்கும் சிறுவனின் முகம் பல்லாயிரம் பேரின் கேளிக்கைக்கு உரியதன்று. அவன் வளர்ந்த பிறகும் அது இணையத்தில் இருக்கும்.

ஆசிரியரின் சொந்த வாழ்க்கை இதற்கு மறுபக்கம். 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், விடுமுறையில் மதுக்கோப்பையோடு எடுத்துக்கொண்ட படங்களைத் தம் முகநூலில் வைத்திருந்த ஓர் ஆசிரியை வேலையை விட்டு விலக நேர்ந்தது. அவர் மாணவர்களைத் தம் பக்கத்தில் சேர்த்திருக்கவும் இல்லை. நான் கேட்கும் எல்லை இப்படிப்பட்ட வேவுக்கு எதிரானதும் கூட. மாணவர்களும் பெற்றோரும் நுழையாத ஒரு வாழ்க்கை ஆசிரியருக்கு உண்டு, அதில் அவர் விரும்பியபடி இருக்கலாம்.

கடைசியாக, உடன் பணிபுரிகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய நிகழ்வுகள் வெளிவந்த பிறகு, ஆசிரியர் அறையில் சிலருக்கு முன்பே ஏதோ தெரிந்திருந்தது என்ற பேச்சும் கூடவே வருகிறது. ஓர் ஆசிரியர் ஒரு மாணவரோடு மட்டும் ஓயாமல் செய்தி பரிமாறுகிறார் என்று தெரிந்தால், குற்றம் சாட்டும் தொனியின்றி, அந்த ஆசிரியரிடம் நேரிலேயே சொல்லுங்கள்: “அந்தப் பேச்சைக் குழுவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.” நேர்மையானவர் அன்றே மாற்றிக்கொள்வார். மாற்றிக்கொள்ளாதவரைப் பற்றித் தலைமையாசிரியரிடம் அதே வாரத்தில் எழுத்தில் கொடுங்கள். மாணவர் புகார் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.