தலைமை ஆசிரியருக்கு எந்தத் தகுதி வேண்டும்?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வழக்கில் தீர்ப்பளித்த நாளிலிருந்து, பேச்செல்லாம் பணிப் பாதுகாப்பைப் பற்றியே இருக்கிறது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், இல்லையேல் கட்டாய ஓய்வு என்னும்போது அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. ஐந்தாண்டுக்கும் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர்கள் தேர்வு எழுதாமலே ஓய்வு வயது வரை பணியில் நீடிக்கலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி கட்டாயம். பள்ளிகளைப் பொறுத்தவரை, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் நாற்காலியில் யார் அமர்வது என்ற கேள்வி இந்த வரியில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சிக்கலின் வேர் 2010 ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதியை வரையறுத்த அந்த அறிவிக்கை, முன்பே பணியில் சேர்ந்தவர்கள் புதிய தகுதியைப் பெறத் தேவையில்லை என்று ஒரு பத்தியில் விலக்கும் அளித்தது. அந்த விலக்கு இருக்கும் பதவியில் தொடர்வதற்கு மட்டுமா, அடுத்த பதவிக்கும் சேர்த்தா என்பதே பத்தாண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறிய கேள்வி. பதவி உயர்வுக்கும் அந்தந்த நிலைக்குரிய தகுதி வேண்டும் என்று குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறின. 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, 2011 ஜூலை 29க்கு முன் நியமனம் பெற்றவர்கள் பணியில் தொடரலாம், ஊதிய உயர்வும் பெறலாம், ஆனால் பதவி உயர்வுக்கு டெட் தேர்ச்சி அவசியம் என்று கூறியது. உச்ச நீதிமன்றம் அதையும் தாண்டிச் சென்றுவிட்டது.

நீதிமன்றங்கள் சட்டத்தைத் தவறாகப் படித்துவிட்டன என்று நான் கருதவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் படித்திருக்கிறார்கள். பிழை விதிகளை எழுதியவர்களுடையது. 2020 ஜனவரி 30 தேதியிட்ட தமிழ்நாடு அரசாணை எண் 13 வழியாக வந்த பணி விதிகளில், பட்டதாரி ஆசிரியர் பணிக்கு நேரடி நியமனம் பெறுவோருக்கு மட்டும் டெட் தேவை என்று எழுதி, பதவி உயர்வில் வருவோரைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டார்கள். மத்திய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டுகள் கழிந்த பிறகும் அப்படி எழுதப்பட்ட விதி நீதிமன்றத்தில் நிற்காது என்பது துறைக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. அதற்கான விலையை விதியை எழுதிய அதிகாரி கொடுக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி, அன்றைய விதிகள் கேட்ட எல்லாத் தகுதியோடும் இளம் வயதில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, இன்று ஐம்பது வயதைத் தாண்டி நிற்பவர்கள் கொடுக்கிறார்கள்.

சரி, அவர்கள் எழுத வேண்டிய தேர்வுதான் என்ன? நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவிக்கு இரண்டாம் தாள் தேவை. மொத்தம் 150 வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30. மீதமுள்ள 60 வினாக்கள் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். இருபத்தைந்து ஆண்டுகள் தமிழ் மட்டுமே கற்பித்த ஓர் ஆசிரியை தலைமை ஆசிரியராக வேண்டுமென்றால், தன் பாடத்திலிருந்து 30 வினாக்களுக்கும், தான் ஒருநாளும் வகுப்பெடுக்காத பாடத்திலிருந்து அதைப் போல இரு மடங்கு வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் இளைஞரின் பாட அறிவைச் சோதிக்க இந்த அமைப்பு பொருந்தும், அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் இந்த 150 வினாக்களில் ஒன்றுகூட, ஒரு பள்ளியை நடத்தத் தெரியுமா என்று கேட்பதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில், தலைமை ஆசிரியரின் வேலையை ஓரளவு அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பதவி உயர்வு வழக்கில் நிற்பதால் தலைமை ஆசிரியர் இடம் நிரப்பப்படாத ஒரு பள்ளியில், பொறுப்புத் தலைமை ஆசிரியராக இருந்தவருக்கு ஏழாம் வகுப்புக் கணிதமும் உண்டு. கரும்பலகையில் பின்னக் கணக்கு பாதியில் நிற்கும்போது வாசலில் மாற்றுச் சான்றிதழுக்காக ஒரு தாய் காத்திருப்பார். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு ஏறவில்லை என்று வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். காலை உணவுக்கான பொருள் இருப்பைச் சரிபார்க்கக் கையெழுத்து வேண்டும். அவர் திரும்பி வரும்போது மணி அடித்துவிடும். பொறுப்பில் இருப்பவர் என்பதால், தன்னைவிடப் பணிமூத்த சக ஆசிரியர் தாமதமாக வந்தால் கேட்கவும் தயங்குவார். வழக்கில் எந்தத் தரப்பு வென்றாலும், அந்த ஆண்டு பின்னம் கற்காத பிள்ளைகளுக்கு மேல்முறையீடு கிடையாது.

நிர்வாகத் திறனைச் சோதிக்க நம்மிடம் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும், துறைத் தேர்வுகளை நடத்துகிறது. பள்ளிக்கல்வித் துறை நிர்வாகத் தேர்வும் கணக்குத் தேர்வும் அவற்றில் உண்டு. கேரளக் கல்வி விதிகளின் 44ஏ பிரிவு, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியான பட்டதாரி ஆசிரியர் பணியையும், கல்விச் சட்ட விதிகளிலும் கணக்கிலும் தேர்ச்சியையும் கேட்கிறது. ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு அத்தேர்வுகளிலிருந்து விலக்கும் உண்டு. அந்த விலக்கை ஒட்டி அங்கும் வழக்குகள் நடந்தன என்பது உண்மை. ஆயினும் கேட்கப்படும் தகுதி, செய்யப்போகும் வேலையோடு தொடர்புள்ளதாக இருக்கிறது.

சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை வேறு. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு, பணி மூப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்று கேரளப் பள்ளி ஒன்றின் வழக்கில் 1998இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் அப்பள்ளிகளைக் கட்டுப்படுத்துமா என்பது இப்போது பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. தொடக்கக் கல்வியில் ஊராட்சி ஒன்றிய அளவிலான பணிமூப்பு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றிய 2023 டிசம்பர் மாதத்து அரசாணை 243 தனிப் பதிவாகவே எழுத வேண்டிய விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தகுதி பற்றிய வழக்கு முடியாத நிலையில் முன்னுரிமைப் பட்டியலையும் கலைத்தது, ஒரே ஆசிரியரை இரண்டு பக்கமும் நிச்சயமற்ற நிலையில் நிறுத்தியது.

தமிழ்நாடு அரசு மறுசீராய்வு மனு தாக்கல் செய்ததை வரவேற்கிறேன். ஆனால் மனுவின் முடிவுக்காக மட்டும் காத்திருப்பது போதாது. டெட் கட்டாயம் என்பது மத்தியச் சட்டத்திலிருந்து வருவது. மாநிலம் தன் விருப்பப்படி அதை நீக்க முடியாது. எனவே நாடாளுமன்றத்தில் 23ஆம் பிரிவைத் திருத்தி, 2010க்கு முன் சேர்ந்தவர்களின் நிலையைத் தெளிவாக எழுத வேண்டும் என்று தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கேட்க வேண்டும். 2017இல் ஒருமுறை அந்தப் பிரிவு திருத்தப்பட்டதுதானே? மாநிலத்தின் கையில் உள்ளவற்றுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. தலைமை ஆசிரியர் பதவிக்கான பணி விதிகளில் நிர்வாகப் பயிற்சியையும் துறைத் தேர்வையும் சேர்த்து, வரைவை ஆசிரியர் சங்கங்களின் கருத்துக்கு வைக்கலாம். பொறுப்பில் இருப்பவர்களுக்கு எழுத்து மூலம் முழு அதிகாரமும், அவர்களுடைய வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியரும் தரலாம். இவற்றை அடுத்த கல்வியாண்டின் கலந்தாய்வுக்கு முன்பே செய்து முடிக்க முடியும்.