கம்பத்துக்கு ஊற்றும் தண்ணீர்

போன ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டார்கள், அதாவது அம்மனுக்கு முன்னால் மூன்று கிளையுள்ள ஒரு மரத்தை ஊன்றினார்கள். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, திருவிழாவைத் தொடங்கிவிட்டால் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரே களைகட்டிவிடும். மைக்கில் ஒருவர், "கம்பம் சிவபெருமானின் அம்சம், உலக நன்மைக்காக நடப்படுகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை.

என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், சொன்ன கதை வேறு. அந்த மூன்று கிளை மரம் அம்மனின் புருசன். தான் யாரென்பதை மறைத்து அவளைக் கட்டிக்கொண்டவன். உண்மை தெரிந்த அன்று அவள் வீட்டுக்கே தீ வைக்கிறாள், அவனும் செத்துப்போகிறான். கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் கதை இதுதான்.

இது தெரிந்தால்தான் கம்பத்தடியில் நடப்பது புரியும். விடிவதற்குள் பெண்கள் ஈரப் புடவையோடு குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பட்டையில் வழிந்த மஞ்சள் காய்வதற்குள் அடுத்த குடம். இரவானால் அதே கம்பத்தின் தலையில் தீச்சட்டி. கூழும் வேப்பிலையும்கூட எரிந்துகொண்டிருப்பவளைக் குளிர வைக்கத்தான். அம்மை போட்ட வீட்டில் தாளிக்காமல் இருப்பதும் அந்தச் சூட்டை நினைத்துத்தான். பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவித்துவிட்டார்கள், ஆனால் குடங்கள் நிற்கவில்லை. அவள் கோபம் நோயைப் பற்றியது மட்டும் இல்லையே!

சரி, அந்தக் கதையில் எனக்கு உறுத்துவதும் உண்டு. ஏமாற்றியவனை ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் என்று சொல்வார்கள். அது சாதித் திமிர், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதே மாரியம்மனுக்கு ரேணுகா கதையும் இருக்கிறது. புருசன் சொல்லி மகனே தாயின் தலையை வெட்டுகிறான். அந்தத் தலை போய்ச் சேர்வது ஒடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடலோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடம் பேசுவோம், சண்டை போட்டாவது பேசுவோம். "உலக நன்மை" என்று மூடிவிட்டால் வஞ்சிக்கப்பட்டவள் காணாமல் போகிறாள், வெறும் கோபக்காரிதான் மிஞ்சுகிறாள்.

கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விட எடுத்துப் போகும்போது அம்மாயி வாசலுக்கு வரமாட்டார். உள்ளேயே உட்கார்ந்து, "பாவம், இனி அடுத்த வருசந்தான் அவளுக்குக் கல்யாணம்" என்பார்.