கிறிஸ்துமஸ் மரமும் ஆல்பர்ட்டும்

இங்கிலாந்து ராணி விக்டோரியாவை மணந்தபின் இளவரசர் ஆல்பர்ட்தான் ஜெர்மனியிலிருந்து கிறிஸ்துமஸ் மரத்தை முதன்முதலாக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். இதில் ஒரு சின்னத் திருத்தம். அந்தத் திருமணம் நடந்தது 1840-இல். அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1800-இல், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணி வின்ட்சரில் குழந்தைகளுக்காக ஒரு மரத்தை அலங்கரித்து வைத்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான், குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!

விக்டோரியாவின் நாட்குறிப்பையே பார்க்கலாமே. 1832 டிசம்பர் 24 அன்று, 13 வயதில், விளக்குகளும் சர்க்கரைப் பண்டங்களும் தொங்கிய இரண்டு மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆல்பர்ட் முதன்முதலாக இங்கிலாந்துக்கு வந்ததே 1836-இல்தான். விக்டோரியாவின் இளமைக்கால நாட்குறிப்புகள் 1912-இல் 'தி கேர்ள்ஹுட் ஆஃப் குயின் விக்டோரியா' என்ற பெயரில் அச்சாகின. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், அந்தத் தேதியைத் தேடினால் போதும்.

மரம் சாதாரண வீடுகளுக்கும் பரவியதில் ஆல்பர்ட் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அது சரி. 1848-இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற வார இதழ் வெளியிட்ட, மரத்தைச் சுற்றி நிற்கும் அரச குடும்பத்துப் படம்தான் அதற்குப் பெரிய தூண்டுதல்.