ஒரே பொருளை விற்கும் கடையில் என்ன குறை கண்டீர்கள்?

இரண்டு நாட்களாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் கடைசி வரை பார்த்துவிட்டேன். ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள நிஷிகி சந்தையை ஒரு முறை நடந்து கடந்துவிட்டு, "ஊறுகாயையும் கருவாட்டையும் தவிர இங்கே ஒன்றுமே இல்லை, யாரும் வந்து ஏமாற வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் அந்தத் தம்பி. அதை அவருடைய கருத்து என்று விட்டுவிட்டிருப்பேன். ஆனால், பாதி கடித்த மீன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஊறுகாய்க் கடையின் மரத்தொட்டிக்கு மேலே குனிந்தவரைக் கைநீட்டித் தடுத்த ஒரு வயதான அம்மையாரின் முகத்தைத் திரையில் நிறுத்தி, அதன்மேல் "திமிர்" என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நிஷிகி என்பது அந்த ஊர் மக்கள் சமையலுக்குப் பொருள் வாங்கும் சந்தை. தெராமாச்சி தெருவுக்கும் தகாகுரா தெருவுக்கும் இடையில் ஏறத்தாழ 390 மீட்டர் நீளம். அகலமோ மூன்று முதல் ஐந்து மீட்டர்தான். அதற்குள் நூற்றுக்கும் அதிகமான கடைகள் இருக்கின்றன. கியோட்டோவின் அடுக்களை என்றே அதை அழைக்கிறார்கள். ஒரு கடையில் யூபா மட்டும் கிடைக்கும். சோயாப் பாலைக் காய்ச்சும்போது படியும் ஆடையை எடுத்துச் செய்வது அது. இன்னொரு கடையில் கோதுமையின் பசைச்சத்தில் செய்யும் ஃபூ, வேறொன்றில் தாஷி என்னும் கடற்பாசி-மீன் சாறு ஊற்றிச் சுருட்டிய முட்டை, மற்றொன்றில் நன்னீர் மீன், அடுத்ததில் கத்தி. காமோ கத்தரிக்காயும் குஜோ வெங்காயத்தாளும் ஷோகோயின் டர்னிப்பும் அடுக்கிய காய்கறிக் கடைகளும் உண்டு. ஒரு கடை ஒரே பொருளை விற்கிறது என்றால், தலைமுறை தலைமுறையாக அதை மட்டுமே கற்று வந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

ஏன் எங்கே பார்த்தாலும் ஊறுகாயும் உலர்ந்த மீனும் என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது, யாரிடமாவது கேட்டிருந்தால் விடையும் கிடைத்திருக்கும். கியோட்டோ கடலை ஒட்டிய ஊர் அன்று. கடல்மீன் அங்கே வந்து சேர வேண்டுமானால் பெரும்பாலும் உப்பிட்டோ உலர்த்தியோதான் வர வேண்டியிருந்தது. நெடுவழியைத் தாங்கி உயிரோடு வந்து சேர்ந்த ஹாமோ என்னும் விலாங்கு வகை மீனை, அதன் நுண்முட்களை நெருக்கமாக வெட்டி நறுக்கி உண்ணும் கலையை அவ்வூர்க்காரர்கள் வளர்த்ததும், ஜூலை மாதத்து கியோன் திருவிழாவையே ஹாமோ திருவிழா என்று அழைப்பதும் அதனால்தான். நிஷிகித் தெருவுக்கு அடியில் குளிர்ந்த ஊற்றுநீர் ஓடியதால், அந்தக் கிணறுகளில் மீனைக் கெடாமல் வைத்திருக்க முடிந்தது. அந்த நீர்தான் மீன் வணிகரை அங்கே நிலைக்கச் செய்தது. 1615-இல் அவர்களுக்கு, ஜப்பானை அன்று ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசிடமிருந்து அனுமதியும் கிடைத்தது. வடக்கே ஹொக்கைடோவில் அறுத்து உலர்த்திய கொம்பு என்னும் கடற்பாசி, ஜப்பான் கடலில் கப்பலேறி, பிவா ஏரியைக் கடந்து இந்த ஊருக்கு வந்தது. அந்தக் கடைகளில் தொங்கும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் இப்படியொரு வழி இருக்கிறது.

"கட்டையைப் போல் இருக்கும் மீனுக்கு இந்த விலையா" என்று அவர் சிரித்தது கட்சுவோபுஷி என்னும் உலர் மீனைப் பார்த்து. நம் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் இடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக்கூட அது புரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். மாசிக்கும் இதற்கும் அதே சூரை மீன்தான். வேகவைத்து, முள்ளெடுத்து, மீண்டும் மீண்டும் புகையிட்டு, உயர்ந்த வகையாயின் பூஞ்சை படியவிட்டு வெயிலில் காயவைத்து, மாதக்கணக்கில் செய்கிறார்கள். 1908-இல், கியோட்டோவில் பிறந்த வேதியியலாளர் இகேடா கிகுனே, கொம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்து உமாமி என்ற சுவையை உலகுக்கு அறிவித்தார். அந்தக் கொம்பும் இந்த மீனும் சேர்ந்ததுதான் ஜப்பானியச் சமையலின் அடித்தளம். அதைத்தான் அவர் கட்டை என்கிறார்.

என் மாமியார் புலால் உண்ணாதவர். அவர் ஜப்பானில் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது, வெளியில் எதை வாங்கினாலும் அதில் மீன் சாறு இருக்கிறதே என்று தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். பேரங்காடிப் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் படித்துச் சலித்த பிறகு, நிஷிகியில் இருக்கும் ஒரு கடற்பாசிக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் என்ன சமைக்கப் போகிறீர்கள், யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டார். நான் சுட்டிக்காட்டிய விலையுயர்ந்த கொம்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொன்றைக் கொடுத்து, கொதிக்கவிட வேண்டாம், இரவு முழுவதும் குளிர்நீரில் ஊறட்டும் என்றார். பிறகு தெருவுக்கு வந்து, யூபாக் கடை எது, ஃபூக் கடை எது என்று கைகாட்டினார். பௌத்த மடங்களின் சைவச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு தெருவிலேயே இருந்தது. என் மாமியார் அன்றுதான் வயிறார உண்டார். "இதில் மீன் இல்லை" என்று ஒரு மனிதர் தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது ஏன்? அவர் வாழ்நாளெல்லாம் அந்த ஒரு பொருளையே தொட்டுக்கொண்டிருப்பவர். ஒரே பொருளை விற்கும் கடையின் மதிப்பு இதுதான் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

"கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பணிவாக இருக்க வேண்டாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடந்துகொண்டே உண்ண வேண்டாம், வாங்கிய கடையின் முன்னாலேயே உண்டு முடியுங்கள் என்று அந்தச் சந்தையில் அறிவிப்புகள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு குறுகிய வழியில், ஊறுகாய் ஊறும், திறந்து வைத்த தவிட்டுத் தொட்டிக்கு மேலே எண்ணெய் வடியும் குச்சியோடு குனிபவரை வேறு எப்படித் தடுப்பது? அந்த அம்மையார் கத்தவில்லை, தள்ளவில்லை. கையைத்தான் நீட்டினார்.

"சுற்றுலாப் பயணிகள் இல்லையென்றால் அந்தச் சந்தையே இருக்காது" என்பது இன்னொரு வாதம். பயணிகளின் பணத்தால் சில கடைகள் பிழைக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. குச்சியில் குத்திய தின்பண்டம் விற்கும் கடைகள் பெருகியிருப்பதும் உண்மைதான். ஆனால் அரைக் கிலோ காய் வாங்க வந்த உள்ளூர்ப் பாட்டி கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனால், அவரை நம்பியிருந்த கடை என்ன ஆகும்? அந்த இடத்திலும் நாளை ஒரு குச்சிக் கடைதான் வரும். அப்போது வந்து "எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கிறது" என்று இன்னொரு காணொளி எடுப்பீர்கள். விலை அதிகம் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வாங்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் அந்தச் சந்தைக்காகப் பேசியதற்கு, "ஜப்பான்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாள், சொந்த ஊரை மறந்துவிட்டாள்" என்று எழுதியவர்களில் இருவர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அதைப் படித்து எனக்கு வலித்தது. அந்நிய ஊரில் மொழி தெரியாமல் நின்ற என்னை மனுஷியாக நடத்திய கடைக்காரர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் ஊரை மறந்ததாகுமா? உழைக்கும் கிழவியை உலகத்தின் முன் அவமானப்படுத்துவதுதான் ஊர்ப்பற்றா?

அந்தச் சந்தைக்காக ஒரு மாபெரும் ஓவியரே போராடியிருக்கிறார். 1716-இல் நிஷிகியின் காய்கறி மொத்த வணிகர் குடும்பத்தில் பிறந்த இதோ ஜாகுச்சூ, நாற்பது வயதளவில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூரிகையோடு வாழப் போனவர். 1771-இல் போட்டிச் சந்தையினரால் நிஷிகி மூடப்படும் நிலை வந்தபோது, அவர் ஓவியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அனுமதி மீண்டும் கிடைத்த 1774 வரை அதிகாரிகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். புத்தரின் பரிநிர்வாணத்தை, முள்ளங்கியைப் படுக்கவைத்துச் சுற்றிலும் காய்கறிகள் கூடி அழுவதாக வரைந்தவர் அவர். காய்கறியிடம் அவ்வளவு மரியாதை காட்டிய மனிதரின் தெருவில்தான் "ஒன்றுமே இல்லை" என்கிறார் நம் தம்பி.

தம்பி, உங்களுக்குத் தனியே செய்தியும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. சந்தை பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். அந்த அம்மையாரின் முகம் தெரியும் பகுதியையும், அதன்மேல் எழுதிய சொல்லையும் இன்றே நீக்குங்கள். அவரிடம் நீங்கள் அனுமதி வாங்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை அவரால் படிக்கவும் முடியாது. இதைப் படிக்கும் நண்பர்களும் அதுவரை அந்தக் காணொளியைப் பகிராமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.