சித்தியின் தலைவலிக்கு நாங்களே பார்த்த வைத்தியம்

சித்திக்குத் தலைவலி ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் யாரும் டாக்டரைத் தேடவில்லை, காரணம்தான் கையிலேயே இருந்ததே. ராத்திரி பதினொரு மணிவரை போனில் சீரியல் பார்த்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று ஆளாளுக்குச் சொன்னோம், நானும்தான் சொன்னேன். தம்பி போனைப் பிடுங்கிவிட்டு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தான். அப்புறமும் வலி நிற்காததால் ரேடியேஷனை இழுத்துக்கொள்ளும் என்று எவனோ விற்ற ஸ்டிக்கரை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி அதன் முதுகில் ஒட்டினான்.

இப்படியே ஆறு மாதம் போனது. விடிகாலையில் வலியோடு எழுந்திருப்பார், சில நாள் வாந்தி, பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். ஒருநாள் டம்ளரில் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு டம்ளருக்குப் பக்கத்தில் மேடையில் காபியை ஊற்றிக்கொண்டே இருந்தார். சிந்துவது அவருக்குத் தெரியவே இல்லை, இடது பக்கப் பார்வை போயிருந்தது. ஸ்கேனில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வருவது, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, பெண்களுக்குத்தான் அதிகம் வரும். மெதுவாக வளர்வது என்பதால் பல வருஷமாகவே உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து மொட்டைத் தலையோடு படுத்திருக்கிறார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த ஒரு பெரியம்மா "போனைப் பார்க்காத பார்க்காதன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல" என்று ஆரம்பித்தார். அவர் போனதும் சித்தி என்னிடம் மெதுவாக, "நெசமாவே இதனாலதானாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து படித்தேன்.

எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவது 2011 சமாச்சாரம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு செல்போன் அலைகளை 2பி பிரிவில் சேர்த்தது. இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் 13 நாடுகளில் நடந்த இன்டர்போன் ஆய்வு வெளிவந்தது. மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் கிளையோமா என்ற கட்டி 40 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது என்பதை மட்டும் ஃபார்வர்டு செய்கிறார்கள். அதே ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் போன் வைத்திருப்பவர்களுக்கு வைத்திருக்காதவர்களைவிடக் கட்டி குறைவு என்றும் வந்திருக்கிறது, அப்படியானால் போன் மூளையைக் காப்பாற்றுகிறது என்றா சொல்வோம்? நோய் வந்தவரிடம் பத்து வருஷத்துக்கு முன்னால் தினமும் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டால் கணக்கு இப்படித்தான் கோணும். 2024-ல் உலக சுகாதார நிறுவனமே கேட்டு வாங்கிய மறுஆய்வு 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. எக்ஸ்ரேக்கு டிஎன்ஏவை உடைக்கிற வலு உண்டு, செல்போன் அலைக்கு அது கிடையாது.

இன்னும் பயமாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டோ ஹெட்போன் மாட்டியோ பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும்போதுதான் போன் அதிக சக்தியோடு அலை அனுப்பும், அப்போது காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் ரேடியேஷனைப் பற்றிக் கவலைப்படுவதைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

என் கோபம் வேறு. போன் ரெடியாக ஒரு பதிலாக இருந்ததால்தான் நாங்கள் ஆறு மாதம் வேறு எதையும் யோசிக்கவில்லை. புதிதாக வந்து நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, விடிகாலை வாந்தி, பார்வை மங்குவது, திடீரென்று வலிப்பு, இதற்கெல்லாம் போனைப் பிடுங்கிவைப்பது வைத்தியமில்லை, நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சித்தியிடம் "இல்ல சித்தி, போனால இல்ல" என்று சொன்னேன். இப்போது பழைய போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விட்டுப்போன சீரியலை முதல் எபிசோடிலிருந்து பார்க்கிறார். பட்டன் போனிலிருந்த ஸ்டிக்கரை உரித்து இதில் ஒட்டியிருக்கிறார். அதுதான் வேலை செய்யாதே சித்தி என்றால், "இருக்கட்டும்டா, ஐந்நூறு ரூபாயாச்சே" என்கிறார்.