எக்கோ சவுண்டர் காட்டும் எண் ‘ஆழம்’ ஆகாது

கிருஷ்ணகிரி அணை வண்டல் அளவீட்டுக் கட்டுரையில் எக்கோ சவுண்டர் (நீருக்குள் ஒலி அனுப்பி ஆழம் கணிக்கும் கருவி) காட்டும் எண்ணையே ‘ஆழம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலி போய்த் திரும்பிய நேரத்தில் பாதியை ஒலிவேகத்தால் பெருக்கிய கணக்கு அது, அவ்வளவுதான். 28 டிகிரி நன்னீரில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 1,504 மீட்டர், கடல்நீரில் 1,540. கடலுக்கு வைத்த அமைப்போடு அணையில் ஓட்டினால் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 24 செ.மீ. கூடுதலாகக் காட்டும். வண்டலே குறைந்துவிட்டதுபோல் தெரியும்! அதனால்தான் படகு கிளம்புமுன் தகட்டைச் சங்கிலியில் 2, 4, 6 மீட்டரில் இறக்கி, கருவியும் அதையே காட்டுகிறதா என்று ஒப்பிடும் ‘பார் செக்’ செய்கிறார்கள். ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் நீரில் அமிழ்ந்திருக்கும் அளவையும் கூட்டியாக வேண்டும்.

இளஞ்சேற்றில் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பும், 33 கிலோஹெர்ட்ஸ் ஒலி உள்ளே இறங்கும். எந்த ஒலியில் பதிந்தார்கள் என்று சொல்லாத வரைபடத்தை நம்ப முடியாது. அணையில் கடல் ஓதம் இல்லைதான். ஆனால் மதகு திறந்திருந்தால் நீர்மட்டம் இறங்கும், மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்து அவ்வப்போது குறிக்க வேண்டும்.